ஹுஸுக்கு நாலு வரி போதாது: ஞாயிறு பள்ளிப் பாடத்திட்டக் குழுவுக்கு ஒரு திறந்த மடல்

நம் திருச்சபையின் ஞாயிறு பள்ளிப் பாடத்திட்டக் குழுத் தலைவர் ஐயா அவர்களுக்கும் உறுப்பினர்களுக்கும்,

இந்த ஆண்டுப் புதிய பாடநூலில், மேல்வகுப்புப் பிள்ளைகளுக்கான சீர்திருத்தப் பாடத்தில், பொஹீமியாவின் (இன்றைய செக் நாடு) பிரசங்கியான யான் ஹுஸுக்கு நாலே நாலு வரி கொடுத்திருக்கிறீர்கள். பழைய நூலில் ஆறு பக்கமும் ஒரு வரைபடமும் இருந்தன. இப்போதுள்ள முதல் வரி அவர் பிறந்த நாட்டைச் சொல்கிறது. இரண்டாவது, 1415இல் எரிக்கப்பட்டார் என்கிறது. மூன்றாவது, "இன்று ஒரு வாத்தைச் சுடுகிறீர்கள், நூறு ஆண்டு கழித்து ஓர் அன்னம் வரும், அதை உங்களால் சுட முடியாது" என்று சாகும்போது சொன்னாராம். நான்காவது வரி, இப்படி அவர் மார்ட்டின் லுத்தருக்கு முன்னோடியானார் என்று முடிகிறது.

ஜூன் மாதம் இதுபற்றி ஐயாவுக்குக் கடிதம் எழுதினேன். வாட்ஸாப்பில் பதில் வந்தது. பக்கம் குறைக்க வேண்டியிருந்ததாம். ஹுஸ் முன்னோடி மட்டுமே, முழுமையான சீர்திருத்தவாதி அல்லவாம். லுத்தர் வலியுறுத்திய, விசுவாசத்தினால் நீதிமானாகும் போதனை அவரிடம் இல்லையாம். நேரில் பேச இரண்டு முறை நேரம் கேட்டேன், கிடைக்கவில்லை. அதனால்தான் எல்லாரும் படிக்கும்படி இதை எழுத வேண்டியதாயிற்று. 22 ஆண்டுகளாக ஞாயிறு பள்ளியில் பாடம் எடுக்கிறேன். மற்ற நாட்களில் அரசுப் பள்ளியில் தமிழாசிரியை. பாடநூலில் ஒரு வரி பிசகினால் அது வகுப்பில் என்ன பாடு படுத்தும் என்பது அன்றாடம் பார்த்த சங்கதி.

அந்தப் பாடத்தை எடுத்த ஞாயிறு கொட்டகையில் பதினான்கு பிள்ளைகள். புத்தகத்தில் அரைப்பக்கத்துக்குப் படம்: கீழே தீக்குள் ஒரு வாத்து, மேலே பறக்கும் வெள்ளை அன்னம். (பக்கம் குறைக்க வேண்டியிருந்தது என்கிறீர்கள், படத்துக்கு மட்டும் இடம் இருந்திருக்கிறது.) ஒரு பையன் கை தூக்கினான். "டீச்சர், வாத்தைக் கொளுத்திட்டாங்க, சரி. எதுக்குக் கொளுத்துனாங்க? அவரு என்னதான் செஞ்சாரு?" புத்தகத்தை முன்னும் பின்னும் புரட்டினேன். அவனுக்குப் பதில் அதில் இல்லை.

முதலில் அந்த வாத்துக் கதையையே எடுத்துக்கொள்வோம். செக் மொழியில் 'ஹுசா' என்றால் வாத்து. தன் பெயரை வைத்துத் தானே கேலி பேசிக்கொள்வது ஹுஸின் பழக்கம். ஒரு கடிதத்தில், வாத்து வீட்டுப் பறவை, உயரப் பறக்கத் தெரியாதது, அதற்கே இவ்வளவு வலை விரிக்கிறார்கள். தேவவசனத்தாலும் நடத்தையாலும் உயரப் பறக்கும் மற்றப் பறவைகள் வந்து இந்த வலைகளைக் கிழிக்கும் என்ற பொருளில் எழுதினார். அவர் எழுதியது பன்மையில். தன்னோடும் தனக்குப் பின்னும் பொஹீமியாவில் பிரசங்கிக்கப்போகிறவர்களைத்தான் நினைத்திருக்கிறார். நூறு ஆண்டு என்ற கணக்கு அவருடைய தோழர் ஜெரோம் பேரில் வழங்கிய வேறொரு பேச்சு. இரண்டையும் முடிச்சுப்போட்டு, பறவைகளை ஒரே அன்னமாக்கி, அந்த அன்னம் நானே என்று 1531இல் எழுதியவர் லுத்தர். 1546இல் லுத்தரின் அடக்க ஆராதனையில் அவர் நண்பரான போதகர் புகன்ஹாகன் அதையே திருப்பிச் சொன்னார். பிறகு வடஜெர்மனிக் கோயில் கோபுரங்களில் சேவலுக்குப் பதில் அன்னம் ஏறிக்கொண்டது. கதை அழகானது, பிள்ளைகளுக்குச் சொல்லலாம், ஆனால் கதை என்று சொல்லிவிட்டுச் சொல்ல வேண்டும். ஒரு மனிதர் சொல்லாத வார்த்தையை அவர் வாயில் வைத்து, அதுவும் அடுத்தவர் வருகைக்குக் கட்டியம் கூறுகிற வார்த்தையாக வைத்து, அதோடு அவரை அனுப்பிவிட்டீர்கள்.

அடுத்தது வினாடிவினா. ஆகஸ்டில் நடந்த வட்டாரப் போட்டியின் வினாத்தாளில் ஒரு கேள்வி: "சபையாரைத் தாய்மொழியில் பாட வைத்த முதல் சீர்திருத்தவாதி யார்?" என் வகுப்புப் பெண் 'யான் ஹுஸ்' என்று எழுதினாள். சுழி. அந்த ஒரு மதிப்பெண்ணில் முதலிடம் போயிற்று. திருத்தியவர்மேல் எனக்குக் கோபமில்லை. விடைக்குறிப்பில் 'லுத்தர்' என்று இருந்தது, அவர் அப்படித் திருத்தினார்.

ஆனால் அந்த விடைக்கு லுத்தரே எதிர்ச்சாட்சி. 1524இல் அவர் வெளியிட்ட திருவிருந்துப் பாட்டொன்றின் தலைப்பில், இது புனித யோவான் ஹுஸின் பாட்டு, செப்பனிடப்பட்டது என்று அச்சிட்டிருக்கிறார். மூலப்பாட்டை ஹுஸ்தான் இயற்றினாரா என்று அறிஞர்களுக்குள் சர்ச்சை உண்டு. யாருக்குக் கடன்பட்டிருக்கிறோம் என்று லுத்தர் நினைத்தார் என்பதில் சர்ச்சைக்கு இடமில்லை. பிராகா நகரின் பெத்லகேம் சிற்றாலயத்தில் மக்களைச் செக் மொழியில் பாட ஊக்கியவர் ஹுஸ் என்பதும் அறிந்த செய்தியே. 'முதல்' என்ற பட்டத்தை அவருக்குக் கொடுங்கள் என்று நான் கேட்கவில்லை. அவருக்கு முன்னும் பாடியிருப்பார்கள். அந்தக் கேள்வியே தப்பு. தப்பான கேள்விக்குப் பாதிச் சரியாவது எழுதியவள் அவள்.

இப்போது உங்கள் பதிலின் சாரமான இடத்துக்கு வருகிறேன். விசுவாசத்தினால் மட்டுமே நீதிமான் என்ற போதனை ஹுஸிடம் இல்லை. உண்மை, ஒப்புக்கொள்கிறேன். இன்னும் கூட்டியே சொல்கிறேன்: திருவிருந்தில் அப்பம் கிறிஸ்துவின் உடலாகவே மாறிவிடுகிறது என்று கடைசிவரை நம்பினார். இந்த விஷயத்தில், தான் விரும்பிப் படித்த இங்கிலாந்து இறையியலாளர் விக்லிஃபோடு அவர் போகவில்லை. மரித்தோருக்காக மன்றாடுவதை மறுக்கவில்லை. குருமார் மட்டுமே பருகிய திருவிருந்துக் கிண்ணத்தைச் சபையாருக்கும் கொடுக்கும் வழக்கத்தைத் தொடங்கியவரும் அவரல்லர். திருச்சபைப் பேரவை கூடிய கான்ஸ்டன்ஸ் நகருக்கு அவர் போன 1414ஆம் ஆண்டில் பிராகாவில் அதைத் தொடங்கியவர் அவருடைய நண்பர் யாக்கூபெக். ஹுஸ் சிறையிலிருந்து எழுதி அதை ஆதரித்தார், அவ்வளவே. நம் பழைய பாடநூல் இதிலெல்லாம் சறுக்கியது. ஹுஸை லுத்தரின் சின்னத் தம்பி மாதிரி வரைந்தது. அதைத் திருத்த வேண்டும் என்று நீங்கள் நினைத்திருந்தால் உங்கள் பக்கம் நின்றிருப்பேன். திருத்தாமல் கிழித்துவிட்டீர்கள்.

சீர்திருத்தம் என்றால் ஒரே ஒரு கோட்பாடு, அதைச் சொன்னவர் சீர்திருத்தவாதி, சொல்லாதவர் முன்னோடி என்ற அளவுகோல் லுத்தரின் ஊரான விட்டன்பர்க்கில் செய்யப்பட்டது. அதை எடுத்துக்கொண்டு நூறு ஆண்டு பின்னால் போய்ப் பிராகாவை அளந்தால் பிராகா குட்டையாகத்தான் தெரியும். பிராகாக்காரர்கள் கேட்ட கேள்விகள் வேறு. தேவவசனம் யார் மொழியில் ஒலிக்க வேண்டும்? கெட்ட நடத்தையுள்ள குரு சொல்வதற்கு நான் எவ்வளவு தூரம் கட்டுப்பட வேண்டும்? கிண்ணம் ஏன் பீடத்துக்கு அந்தப்பக்கமே நின்றுவிடுகிறது? பேரவை ஒன்று கூடிச் சொன்னால் என் மனச்சாட்சி பொய் ஆகிவிடுமா?

பெத்லகேம் சிற்றாலயத்தைப் பற்றி நாலு வார்த்தை சொல்கிறேன், ஏனென்றால் வகுப்பில் பிள்ளைகள் கண் விரித்துக் கேட்பது இதைத்தான். 1391இல் ஒரு வணிகரும் ஓர் அரசவைக்காரரும் சேர்ந்து கட்டியது. கட்டியதன் நோக்கமே செக் மொழியில் பிரசங்கம் நடக்க வேண்டும் என்பது. பேர்தான் சிற்றாலயம், மூவாயிரம் பேர் நிற்கலாம் என்பார்கள். உள்ளேயே ஒரு கிணறு. ஹுஸ் அங்கே 1402இல் பிரசங்கியாக வந்தார். சுவர்களில் எழுத்தும் படமும். ஒரு பக்கம் கிறிஸ்து சிலுவை சுமந்து நடக்கிறார், எதிர்ப்பக்கம் பாப்பு குதிரைமேல் போகிறார். படிக்கத் தெரியாதவனுக்கும் பாடம் விளங்கிவிடும். குருமாரின் ஆறு தவறுகளைப் பற்றித் தான் எழுதியதைச் சுவரிலேயே எழுதி வைத்தார். 1786இல் அந்தக் கட்டடத்தை இடித்துவிட்டார்கள். 1950களில் எஞ்சிய சுவர்த் துண்டுகளை வைத்து மறுபடி எழுப்பினார்கள்.

இதற்கும் வேர் உண்டு. மிலிச் என்றொரு பிரசங்கி, 1374இல் இறந்தவர், பிராகாவில் பாலியல் தொழிலிலிருந்து மீண்ட பெண்களுக்காக 'எருசலேம்' என்று ஒரு வீடு நடத்தினார். அவருடைய சீடர்களின் வட்டத்திலிருந்துதான் பெத்லகேம் எழுந்தது. ஆக முன்னோடி என்ற சொல்லை யாருக்காவது கொடுக்கத்தான் வேண்டுமென்றால் மிலிச்சுக்குக் கொடுங்கள். ஹுஸின் கட்டம் வேறு.

1412ஐப் பிள்ளைகளுக்குச் சொல்லாமல் லுத்தரின் 1517ஐ எப்படிச் சொல்வீர்கள் என்று எனக்குப் புரியவில்லை. அப்போது ஒரே நேரத்தில் மூன்று பாப்புமார் இருந்தார்கள். அவர்களில் ஒருவரான இருபத்துமூன்றாம் யோவான், நேப்பிள்ஸ் அரசனோடு சண்டை போடப் பணம் வேண்டி, பாவமன்னிப்புச் சீட்டு விற்க ஆள் அனுப்பினார். பிராகாக் கோயில்களில் பணப்பெட்டி வைத்தார்கள். வசூலில் அரசனுக்கும் பங்கு. அதுவரை ஹுஸுக்குத் துணை நின்ற அரசன் வென்சஸ்லாஸ் இந்த இடத்தில்தான் கைவிட்டான். கூடப் படித்த நண்பர் பாலெச்சும் எதிர்ப்பக்கம் போனார்; பிற்பாடு கான்ஸ்டன்ஸில் குற்றஞ்சாட்டி நின்றவர்களில் அவர் முக்கியமானவர். ஹுஸ் வாயை மூடவில்லை. கோயிலுக்குள் எழுந்து நின்று இது ஏமாற்று என்று கத்திய மூன்று இளைஞர்களைப் பிடித்துத் தலையை வெட்டினார்கள். மார்ட்டின், யான், ஸ்டாஷெக். உடல்களை மக்கள் பெத்லகேமுக்குத் தூக்கி வந்து அடக்கம் செய்தார்கள். விட்டன்பர்க்கில் லுத்தரின் 95 வாதங்கள் வெளிவர அப்போது இன்னும் 105 ஆண்டு இருந்தது.

அந்த அக்டோபரில் ஹுஸ் பாப்புவின் நீதிமன்றத்தை விட்டு இயேசு கிறிஸ்துவிடம் மேல்முறையீடு செய்தார். சட்டத்தில் அப்படியொரு மேல்முறையீடு கிடையாது. நகரத்தின்மேல் வழிபாட்டுத் தடை விழாமலிருக்கத் தானே பிராகாவை விட்டு வெளியேறி, தென்பொஹீமியக் கிராமங்களில் வெட்டவெளியில் பிரசங்கித்தார். அவருடைய நல்ல எழுத்துகளில் பலவும் இந்த அலைச்சலில் எழுதியவை.

கான்ஸ்டன்ஸ் கதை உங்களுக்குத் தெரிந்ததே. சிகிஸ்மண்ட் அரசனின் பாதுகாப்புக் கடிதத்தை நம்பி 1414 நவம்பர் 3இல் போய்ச் சேர்ந்தார். 28ஆம் தேதி பிடித்துவிட்டார்கள். ஏரிக்கரை மடத்தின் நிலவறையில் கிடந்து நோயுற்றார். பிள்ளைகளுக்கு நான் இரண்டு காட்சிகளைச் சொல்வேன். ஒன்று, 1415 ஜூலை 6, தீர்ப்பு நாள். இவர் தன்னைத் திரித்துவத்தின் நான்காவது ஆள் என்று சொல்லிக்கொண்டார் என்றுகூட ஒரு குற்றச்சாட்டு வாசிக்கிறார்கள். குருப்பட்டத்தைப் பறிக்க உடைகளை ஒவ்வொன்றாகக் களைகிறார்கள். குருமாருக்கு அடையாளமான உச்சந்தலைச் சிரைப்பை அழிக்கச் சவரக்கத்தியா, கத்தரிக்கோலா என்று ஆயர்களுக்குள் வாக்குவாதம். இதில்கூட இவர்களுக்குள் ஒற்றுமை இல்லையே என்று ஹுஸ் அரசனைப் பார்த்துச் சொல்கிறார். பக்கத்தில் நின்று பார்த்த பேதுரு என்ற இளைஞர் எழுதிவைத்ததால் இது நமக்குத் தெரிகிறது. இன்னொன்று, கான்ஸ்டன்ஸுக்குப் புறப்படும் முன் தன் மாணவன் மார்ட்டினுக்கு முத்திரையிட்டுக் கொடுத்த கடிதம். நான் இறந்தது உறுதியானபின் திறந்து படி என்றார். அதில் சதுரங்கம் ஆடி நேரத்தை வீணாக்கியதையும், ஆட்டத்தில் கோபப்பட்டதையும், நல்ல உடைமேல் இருந்த ஆசையையும் எழுதி வருத்தப்பட்டிருக்கிறார். கைபேசி விளையாட்டில் தோற்றதற்குத் தம்பியை அடித்த ஒருவன் என் வகுப்பில் இருந்தான். அன்று அவன் தலையைக் குனிந்துகொண்டதைப் பார்த்தேன். வீரர்கள் பட்டியலில் ஒட்டும் படத்தால் அந்த வேலை நடக்காது.

அவர் செத்ததோடு எல்லாம் முடிந்து, லுத்தர் வரும்வரை இருட்டு என்ற எண்ணத்தைத்தான் நாலு வரி விதைக்கிறது. நடந்தது நேர்மாறு. செப்டம்பர் 2ஆம் தேதி பொஹீமிய, மொராவியப் பிரபுக்கள் 452 பேர் முத்திரை வைத்துப் பேரவைக்குக் கண்டன மடல் அனுப்பினார்கள். அதன் ஒரு படி, நூறு முத்திரைகளோடு, எடின்பரோ பல்கலைக்கழகத்தில் இன்றும் இருக்கிறது. 1420இல் ஹுஸின் வழிவந்தவர்கள் வைத்த நான்கு கோரிக்கைகள்: வசனத்தைத் தடையின்றிப் பிரசங்கிக்க விடு, அப்பத்தோடு ரசமும் எல்லாருக்கும் கொடு, குருமார் சொத்தும் உலக அதிகாரமும் விடட்டும், வெளிப்படையான பாவத்துக்கு யாராயினும் தண்டனை. இவர்களை அடக்க ஐந்து சிலுவைப்போர்கள் வந்தன, ஐந்தும் தோற்றன. 1436இல் உரோமையின் பேரவையே கிண்ணத்தை விட்டுக்கொடுத்து உடன்படிக்கை செய்தது. 1485இல் குட்னா ஹோரா நகரில் கிண்ணச் சபையாருக்கும் உரோமைச் சபையாருக்கும் சம உரிமை என்று நாடே எழுதிக்கொண்டது. அப்போது லுத்தர் நடை பழகும் குழந்தை. ஒரு நாட்டின் பெரும்பகுதி மக்கள் தனிச் சபையாக, தாய்மொழிப் பாட்டோடு, கிண்ணத்தில் ரசம் பருகி வாழ்ந்துகொண்டிருந்ததை 'முன்னோட்டம்' என்கிறோம்!

லுத்தருக்கு இந்த மயக்கம் இருக்கவில்லை. 1519இல் லைப்சிக் விவாதத்தில், நீ ஹுஸைப்போலப் பேசுகிறாய் என்று உரோமைத் தரப்பில் வாதாடிய எக் மடக்கியபோது, ஹுஸின் கூற்றுகளில் பல கிறிஸ்தவத்துக்கும் நற்செய்திக்கும் ஏற்றவை என்று சொன்னார். அரங்கமே அதிர்ந்தது. பிராகாவிலிருந்து வந்த ஹுஸின் நூலைப் படித்தபின், 1520 தொடக்கத்தில் நண்பருக்கு எழுதினார்: நாம் எல்லாரும் அறியாமலேயே ஹுஸின் ஆட்களாக இருந்திருக்கிறோம் என்று. லுத்தர் கொடுத்த இடத்தைக்கூட லுத்தரின் பேரால் நாம் பறிக்கிறோம்.

லைப்சிக் என்றதும் ஒன்றைச் சொல்லியாக வேண்டும். அந்த ஊரின் பல்கலைக்கழகம் பிறந்ததே ஹுஸின் கட்சி செய்த காரியத்தால். 1409 ஜனவரியில் குட்னா ஹோரா ஆணை வந்தது: பிராகாப் பல்கலைக்கழகத்தில் செக் மக்களுக்கு மூன்று வாக்கு, மற்ற மூன்று பிரிவினருக்கும் சேர்த்து ஒன்று. ஹுஸ் அதை வரவேற்றார், அந்த ஆண்டே அதன் தலைவரும் ஆனார். ஜெர்மானிய ஆசிரியர்களும் மாணவர்களும் கூட்டமாக வெளியேறி லைப்சிக்கில் புதிதாகத் தொடங்கினார்கள். தன் மொழிக்கு நியாயம் கேட்பது எங்கே முடிந்து, அடுத்தவனைத் துரத்துவது எங்கே தொடங்குகிறது என்று பதின்மூன்று வயதுப் பிள்ளைகளோடு பேச இதைவிட நல்ல இடம் கிடையாது. அவருக்குப்பின் அவர் பேரால் எரிந்த மடங்களும் உண்டு, அதையும் எழுதுங்கள். அவரைப் புனிதராக்கும் வேலையில் எனக்கு நாட்டமில்லை.

தமிழாசிரியை என்ற முறையில் ஒரு சின்ன ஆசை. செக் எழுத்தைச் சீராக்கியதாக ஒரு லத்தீன் சிறுநூல் ஹுஸின் பேரில் வழங்குகிறது. ஓர் ஒலிக்கு இரண்டு மூன்று எழுத்துகளைக் கோத்து எழுதும் தொல்லைக்குப் பதில், ஓரெழுத்தின் தலையில் ஒரு புள்ளி வை என்றது அது. மெய்யெழுத்துக்குப் புள்ளி வைத்துப் பழகிய நம் பிள்ளைகளிடம் இதைச் சொன்னபோது, "அட, அவரும் புள்ளிக்காரரா!" என்று சிரித்தார்கள். எகர ஏகாரக் குழப்பத்தைத் தீர்த்த வீரமாமுனிவரை உடனே பேச்சில் இழுத்தேன். மணியடித்துவிட்டது.

இனி, கொஞ்சம் சங்கடமான இடம். பழைய பாடத்தில், ஹுஸ் 1413இல் செக் மொழியில் எழுதிய நூலைப் பற்றி ஒரு பத்தி இருந்தது. பணம் கொடுத்து வரம் வாங்கப் பார்த்த மாயவித்தைக்காரன் சீமோனில் தொடங்கி, பதவியைக் காசு கொடுத்து வாங்கும் பாப்பு, ஆயர், சிற்றூர்க் குரு, அதற்கு உடந்தையாக நிற்கும் சபையார் வரை ஒவ்வொருவராகக் கேள்வி கேட்கும் நூல். எந்தக் கோட்பாட்டுக் காரணத்துக்காக அந்தப் பத்தி போயிற்று? விசுவாசத்தினால் நீதிமானாதலுக்கும் அதற்கும் ஒரு முரணும் இல்லையே. நம் சபைத் தேர்தல் நாட்களில் எந்தத் தெருவுக்கு எத்தனை வேன் வந்தது, யார் வீட்டில் பிரியாணி என்று பிள்ளைகள் என்னிடமே சொல்கிறார்கள். அந்தப் பத்தியை வகுப்பில் வாசிக்கும்போது அவர்கள் ஒருவரையொருவர் பார்த்துக்கொள்வார்கள். இதனால்தான் நீக்கினீர்கள் என்று நான் சொல்லவில்லை. வேறு காரணம் இருந்தால் எழுத்தில் சொல்லுங்கள் என்று மட்டும் கேட்கிறேன்.

ஹுஸ் நமக்குத் தூரத்து ஆள், ஐரோப்பியச் சரித்திரம் இவ்வளவு எதற்கு என்று குழுவில் ஒருவர் கேட்டதாகக் கேள்விப்பட்டேன். 1457இல் ஹுஸின் வழிவந்தவர்கள் சிலர் வாளைத் தொடமாட்டோம் என்று சொல்லிச் 'சகோதரர் ஐக்கியம்' தொடங்கினார்கள். படம் போட்ட பாடநூலால் உலகப் பிள்ளைகளுக்கெல்லாம் நன்மை செய்த கொமேனியஸ் அவர்களுடைய ஆயர். துரத்தப்பட்டுச் சிதறிய அந்தக் கூட்டத்தின் மிச்சம் 1722இல் ஜெர்மனியில் சின்சென்டார்ப் பிரபுவின் நிலத்தில் ஒதுங்கி ஹெர்ன்ஹூட் என்ற ஊர் ஆயிற்று. மொராவியச் சகோதரர்கள் என்பது இவர்களைத்தான். அந்தச் சின்சென்டார்ப், ஹாலே நகரில் பள்ளிப் பையனாக இருந்தபோது தரங்கம்பாடி மிஷன் செய்திகளைக் கேட்டு வளர்ந்தவர். 1760இல் அந்த மொராவியச் சகோதரர்கள் தரங்கம்பாடிக்கே வந்து இறங்கினார்கள். நிக்கோபார் போவது அவர்கள் எண்ணம். ஊருக்குப் பக்கத்தில் தோட்டம் போட்டுக் கைத்தொழில் செய்து வாழ்ந்தார்கள். ஏற்கெனவே இருந்த ஹாலே மிஷனரிகளுக்கு அவர்கள் வரவு பிடிக்கவில்லை. 1803இல் அந்தத் தோட்டம் முடிவுக்கு வந்தது. போன வருஷம் பிள்ளைகளை வேனில் தரங்கம்பாடிக்கு அழைத்துப் போனேன். கோட்டை பார்த்தோம், சீகன்பால்க் கட்டிய கோயிலைப் பார்த்தோம், கடற்கரையில் சுண்டல் தின்றோம். சகோதரர் தோட்டத்தைப் பற்றி ஒரு பலகையும் எங்கள் கண்ணில் படவில்லை. பலகை வைப்பது உங்கள் வேலையல்ல. பாடத்தில் ஒரு வரி வைப்பது உங்கள் வேலை.

ஹுஸைத் தண்டித்த உரோமைத் திருச்சபையே, 1999 டிசம்பரில் இரண்டாம் யோவான் பவுல் வாயால், அந்தக் கொடிய மரணத்துக்கு ஆழ்ந்த வருத்தம் தெரிவித்துவிட்டது. கத்தோலிக்கரும் சீர்திருத்தச் சபையாருமாக உட்கார்ந்து பல ஆண்டு அவரை மறுபடி வாசித்த பிறகு வந்த வார்த்தை அது. எரித்தவர்கள் திரும்ப வாசிக்கும் நேரத்தில் நாம் பக்கத்தைக் கிழித்துக்கொண்டிருக்கிறோம்.

நான் கேட்பவை இவை.

அடுத்த அச்சில் ஹுஸின் பாடத்தைத் திரும்பக் கொண்டுவாருங்கள். பழையதை அப்படியே போட வேண்டாம். மேலே சொன்ன தவறுகளைத் திருத்தி, 1409இன் ஆணையையும் போர்களையும் சேர்த்து எழுதுங்கள். எழுத ஆள் இல்லையென்றால் நான் முதல் படி எழுதித் தருகிறேன், இறையியல் தெரிந்தவர்கள் திருத்தட்டும். அந்தப் பாடம் லுத்தர் பாடத்தின் முன்னுரையாக இல்லாமல், பொஹீமியச் சீர்திருத்தம் என்ற தலைப்பில், 1415இல் நிற்காமல் 1485 வரை போகட்டும். அன்னத்தின் கதை இருக்கலாம். பின்னால் உருவான கதை என்ற குறிப்போடு. பதவி வாணிபத்தைப் பற்றிய பத்தி திரும்ப வர வேண்டும். வராது என்றால் காரணத்தைக் குழுவின் கையெழுத்தோடு தெரிவியுங்கள். தரங்கம்பாடியின் மொராவியச் சகோதரர்களுக்கு ஒரு பத்தி. புதிய அச்சு வரும்வரை ஆசிரியர்களுக்கு ஒரு தனித்தாளாவது அனுப்புங்கள்.

வினாடிவினாவின் அந்தக் கேள்வியை ரத்து செய்து மதிப்பெண்களை மறுபடி கூட்டுங்கள். முதலிடம் யாருக்குப் போனாலும் சரி. என் வகுப்புப் பெண்ணுக்கு, அவள் எழுதியது பிழையல்ல என்று குழுவிலிருந்து ஒரு வரி கடிதம் வர வேண்டும்.

சீர்திருத்த ஞாயிறுக்கு முன் எழுத்தில் பதில் எதிர்பார்க்கிறேன். வாட்ஸாப் வேண்டாம். இந்த மடலின் படியில் பெற்றோர் 23 பேர் கையெழுத்திட்டுத் தனியே அனுப்பியிருக்கிறார்கள். குழுவிலிருந்து யாராவது ஒருவர் ஒரு ஞாயிறு காலை எட்டரைக்கு எங்கள் கொட்டகைக்கு வாருங்கள். அந்தப் பையன் இன்னும் அதே பெஞ்சில்தான் உட்காருகிறான். அவன் கேட்டதற்கு நீங்களே பதில் சொல்லுங்கள்.

இப்படிக்கு,
ஞாயிறு பள்ளி ஆசிரியை ஒருத்தி